இரவற் பொருளும் அறப் பொறுப்பும்: ஒரு மோட்டார் சைக்கிளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1

நீதி என்றால் என்ன என்னும் பெருவினாவை ஆராயும் பிளேட்டோவின் ‘குடியரசு’, மிகச் சாதாரணமான ஓர் உதாரணத்துடனேயே தன் விவாதத்தைத் தொடங்குகின்றது. உண்மை பேசுதலும் பிறரிடம் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலுமே நீதி எனக் கொள்ளலாமா எனச் சோக்கிரதீஸ் வினவுகின்றார். தெளிந்த அறிவுடன் இருந்த நண்பனிடம் பெற்ற ஆயுதங்களை, அவன் சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்கும்போது திருப்பிக் கொடுப்பது நீதியாகுமா என்பது அவர் காட்டும் சிக்கல். கொடுத்தலாகாது என்பதில் அவருடன் உரையாடியோர் உடன்படுகின்றனர். அதன்பின் விவாதம் வேறு திசையிற் செல்கின்றது; இரவல் பற்றிய பேச்சு அத்துடன் நின்றுவிடுகின்றது.

திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்பது இரவலின் இறுதிக் கட்டம் பற்றிய வினா. பெற்ற பொருள் நம் கையில் இருக்கும் காலத்தில் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பது அதற்கு முந்தியது. நாளாந்த வாழ்வில் நாம் பெரிதும் எதிர்கொள்வதும் அதுவே. புத்தகம், குடை, மண்வெட்டி, சைக்கிள் என இரவல் வாங்காத வீடோ விடுதியோ நம்மிடையே இல்லை. இத்துணைச் சாதாரணமான ஒரு செயலின் அறப் பொருளை ஆராய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘இரவல்’ என்னும் சொல் ‘இர’ என்னும் வினையடியிற் பிறந்தது. திருக்குறள் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. ஆயினும் அங்குப் பேசப்படுவது இல்லாதவன் இருப்பவனிடம் ஏற்பதன் தன்மையும் துயருமாகும். ஏற்ற பொருள் ஏற்றவனுக்கே உரியதாகிவிடும். அதனைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு எழுவதில்லை. கைமாற்றாகப் பெறும் பணம் இதனின் வேறு. பெற்ற தாளைச் செலவிட்டு, வேறொரு தாளைத் திருப்பிக் கொடுக்கலாம். இரவலோ இவ்விரண்டிலும் சேராதது. பெற்ற அதே பொருளையே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். சொல் ஒரே வேரில் முளைத்ததாயினும் அறப் பிரச்சினை புதியது.

ஆராய்ச்சி வசதிக்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பேராதனையிற் பயிலும் மாணவன் ஒருவன் விடுமுறையில் நெடும்பயணம் ஒன்றினை மேற்கொள்ள எண்ணுகின்றான். கண்டியிலிருந்து ஏ-9 வீதி வழியே மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு ஆகியவற்றைக் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு. பின்னர் பதுளை, நுவரெலியா வழியாக மீண்டும் கண்டி. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். அவனுடைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் கழற்றப்பட்ட நிலையிற் கராச்சில் நிற்கின்றது. பயணத்துக்கு ஒரு மாதமே உண்டு. பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டவும், பொதியேற்றிய வண்டியை வளைவுகளிற் சமாளிக்கவும், மலைப்பாதையில் இறங்கவும் அவன் பழகவேண்டும். எனவே சக மாணவன் ஒருவனின் வண்டியைச் சில வாரங்களுக்கு இரவலாகப் பெறுகின்றான். தவணை முடிய வண்டியைக் கழுவித் துடைத்து, பெற்றோல் நிரப்பி, நன்றி கூறி ஒப்படைக்கின்றான். அவனுடைய கடமை நிறைவேறிவிட்டதா?

ஆம் என்பதே பெரும்பாலோரின் விடையாக இருக்கும். அவ்விடை போதுமானதா என நோக்குவோம்.

2

பண்டைய உரோமச் சட்டவியலாளர் இப்பொருள் பற்றி நுட்பமாகச் சிந்தித்துள்ளனர். தானியம், எண்ணெய், பணம் போன்றவற்றைப் பெற்று அவற்றுக்கு நிகரானதைத் திருப்பிக் கொடுக்கும் கடனை அவர்கள் ‘மூத்துவம்’ என்றனர். குதிரை, பாத்திரம் முதலியவற்றைக் கட்டணமின்றிப் பயன்பாட்டுக்காகப் பெற்று அதே பொருளைத் திருப்பிக் கொடுப்பதனைக் ‘கொமோடாத்தும்’ என்றனர். முன்னதில் உடைமை கைமாறும். பின்னதில் உடைமை கொடுத்தவனிடமே இருக்கும், பயன்பாடு மட்டுமே கைமாறும். ஒல்லாந்தர் ஆட்சியின் வழியே இலங்கைக்கு வந்த உரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் நம் நாட்டின் பொதுச்சட்டமாக விளங்குவதால், இவ்வேறுபாடு நமக்கு அந்நியமானதன்று.

13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் வட்டி பற்றி ஆராய்ந்தபோது இதே வேறுபாட்டை மெய்யியல் நோக்கிலே தெளிவாக்கினார். சில பொருள்களைப் பயன்படுத்துவதென்பது அவற்றை அழிப்பதேயாகும். திராட்சை மதுவைப் பருகியதும் மது இல்லை. கோதுமையை உண்டதும் கோதுமை இல்லை. வீடு போன்ற வேறு சில பொருள்களைப் பயன்படுத்திய பின்னும் அவை எஞ்சி நிற்கின்றன. முதல் வகையிற் பயன்பாட்டையும் பொருளையும் பிரிக்கமுடியாது. இரண்டாம் வகையிற் பிரிக்கலாம்.

மோட்டார் சைக்கிள் இரண்டாம் வகையைச் சேர்ந்ததென்றே எவரும் கூறுவர். காலையிற் கொண்டுசென்ற வண்டி மாலையில் அப்படியே வந்து நிற்கின்றது. எனினும் சற்று உற்று நோக்கின், அதனுள் முதல் வகையின் கூறும் ஒளிந்திருப்பது புலனாகும். பேராதனையிலிருந்து கடுகண்ணாவைக்குச் சென்று, கணவாய் வழியே மாவனல்லை நோக்கி இறங்குவதாகக் கொள்வோம். பழகாத கை, கியரைக் குறைத்து எஞ்சினின் தடையாற் வேகத்தை அடக்குவதற்குப் பதிலாகப் பிறேக்கையே தொடர்ந்து அழுத்தும். பிறேக் உராய்ந்து சூடேறும். சூடேற அதன் பிடி குறையும். பிடி குறைய மேலும் அழுத்தவேண்டிவரும். திரும்பி ஏறும்போது கிளச்சை அரைகுறையாகப் பிடித்தபடி வண்டியை இழுப்பதும் பழகாதவர்களின் வழக்கம். கிளச்சின் தட்டுகள் அப்போது உராய்ந்து மெலிகின்றன. பின்னிருக்கையில் ஏற்றிய பொதியின் பாரத்தாற் செயின் தளர்கின்றது. ரயரின் நடுப்பகுதி தேய்கின்றது. எஞ்சின் ஓயில் கருக்கின்றது. இவற்றுள் எதுவும் வண்டியைக் கழுவித் துடைக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே இரவல் வண்டி ஒருபுறம் வீட்டையும் மறுபுறம் கோதுமையையும் ஒத்தது. மாணவன் திருப்பிக் கொடுத்தது வீடு போன்ற பகுதியை மட்டுமே. கோதுமை போன்ற பகுதியை அவன் உண்டுவிட்டான். அதனைத் திருப்பிக் கொடுத்தல் இயலாது. நெடும்பயணத்துக்கான பயிற்சி சாதாரண ஓட்டத்தைவிட இப்பகுதியை விரைவாக உண்கின்றது. பழகுதல் என்பதே பிழைவிட்டுத் திருந்துதலாகும். அப்பிழைகளின் செலவை வண்டி தாங்குகின்றது. அவற்றினாற் கிடைத்த திறனோ ஓட்டுபவனிடம் தங்கிவிடுகின்றது. அத்திறனுடன் அவன் தன்னுடைய வண்டியில், புதிய பிஸ்டனும் வளையங்களும் பூட்டிய எஞ்சினுடன், பயணம் புறப்படுகின்றான். புதிதாகப் பூட்டிய எஞ்சினை முதற் சில நூறு கிலோமீற்றர் மென்மையாக ஓட்டவேண்டும் என்பதை அவன் நன்கறிவான். அந்த மென்மையைத் தன் வண்டிக்குக் காட்டுதற்காகவே தன் வன்மையை முழுவதும் நண்பனின் வண்டிமேற் செலுத்தினானாயின், அச்செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

3

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். எப்பொருளும் பயன்பாட்டினாற் தேயவே செய்யும். அதனை அறிந்துதானே நண்பன் கொடுத்தான் என ஒருவர் கேட்கலாம். இத்தடை வலுவானது. உரோமச் சட்டமும் முறையான பயன்பாட்டினால் நேரும் தேய்வுக்கு இரவல் கொண்டவனைப் பொறுப்பாக்குவதில்லை. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மரபும் இவ்வாறே கொள்கின்றது: இரவற் பொருள் கைதவறிப் போனால் ஈடு செய்யவேண்டும், ஆனால் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டினால் ஏற்படும் தேய்வுக்கு ஈடு இல்லை.

இங்கு ‘முறையான’, ‘அனுமதிக்கப்பட்ட’ என்னும் அடைமொழிகளே கவனத்துக்குரியவை. தேய்வு மன்னிக்கப்படுவது அது சிறியதென்பதனாலன்று. கொடுப்பவன் அதனை அறிந்து கொடுத்தான் என்பதனால். வேறு விதமாகக் கூறுவதாயின், ஒவ்வோர் இரவலின் உள்ளேயும் ஒரு சிறு கொடை உண்டு. திருப்பித் தரப்படும் பகுதி இரவல். திருப்பித் தரப்படாத தேய்வு கொடை. கொடையின் இலக்கணம் கொடுப்பவன் அறிந்து மனமுவந்து கொடுத்தல். தான் எதனைக் கொடுக்கின்றான் என்பதை அறியாதவன் அதனைக் கொடுத்தவனாகான். அவனிடமிருந்து அது எடுக்கப்பட்டதேயாகும்.

2ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கையுஸ் என்னும் சட்டவியலாளரின் பாடநூலில் இக்கருத்து மிகக் கடுமையாக வெளிப்படுகின்றது. நீண்டகாலம் மறைந்திருந்த இந்நூலின் ஏட்டுப்பிரதி 1816 இல் வெரோனா நகரிற் கண்டெடுக்கப்பட்டது. விருந்துக்கெனப் பெற்ற வெள்ளிப் பாத்திரங்களை வெளியூர்ப் பயணத்துக்கு எடுத்துச் செல்பவனும், சவாரிக்கெனப் பெற்ற குதிரையை அதற்கு அப்பால் தொலைவுக்குக் கொண்டுசெல்பவனும், உடைமையாளன் இதற்கு இணங்கான் என அறிந்திருந்தால், திருட்டுக் குற்றவாளிகள் ஆவர் என்கின்றார் கையுஸ். வலேரியுஸ் மக்சிமுஸ் என்னும் உரோம எழுத்தாளர் குறிப்பிடும் வழக்கு இன்னும் வியப்புக்குரியது. அரிசியா என்னும் ஊர்வரை செல்வதற்கெனக் குதிரை பெற்ற ஒருவன், அவ்வூருக்கு அப்பாலிருந்த மேட்டுவரை அதிற் சென்றமைக்காகத் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டான்.

ஒரு மேட்டுக்காகத் திருடன் என்பதா என நமக்குத் தோன்றும். ஆனால் அத்தீர்ப்பின் உள்ளுறை அறவியல் நோக்கிற் பொருத்தமானது. கொடுத்தவன் தந்தது குதிரையை அன்று, அரிசியாவரையான பயன்பாட்டை. இரவலின் எல்லையை நிர்ணயிப்பது பொருள் அன்று, கூறப்பட்ட நோக்கமே. நூலகத்துக்குப் போய்வரவென வண்டியைக் கேட்டவன் அதனைக் கொண்டு கடுகண்ணாவைக் கணவாயிற் பயின்றானாயின், நூலகத்துக்கு அப்பாற்பட்ட ஒவ்வொரு கிலோமீற்றரும் அந்த மேட்டைப் போன்றதே.

இமானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிற் காட்டும் உதாரணம் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. திருப்பிக் கொடுக்க இயலாதென அறிந்தும், கொடுப்பதாக வாக்களித்துப் பணம் கடன் கேட்பவன் பற்றியது அது. அவனுடைய குற்றம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. உண்மையை அறிந்திருந்தால் இணங்கியிரான் என்னும் நிலையில், மற்றவனை வெறும் கருவியாகவே அவன் நடத்துகின்றான். நோக்கத்தை மறைத்து இரவல் கேட்பவனின் நிலையும் இதனை ஒத்ததே. முழுப் பொய் கூறத் தேவையில்லை. ‘கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தாறியா?’ என்னும் பொதுப்பட்ட கேள்வியே போதும். அதில் உள்ளடங்கிய மௌனம், நண்பனின் சம்மதத்தை அவன் அறியாத ஒன்றுக்கான சம்மதமாக மாற்றிவிடுகின்றது.

4

சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது நம் சமூகத்தின் இயல்பையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இரவல் கேட்பது எளிது, மறுப்பதே கடினம். ஊரிலோ விடுதியிலோ ஒருவன் கேட்க இல்லையென்பது முகத்திலடித்தாற் போன்றதாகக் கருதப்படுகின்றது. மூத்த மாணவன் இளையவனிடம் கேட்கும்போதும், உதவி செய்தவன் உதவி பெற்றவனிடம் கேட்கும்போதும் இந்நிலை மேலும் இறுகுகின்றது. வண்டியோ பெரும்பாலும் மாணவனின் சொந்தச் சம்பாத்தியமன்று. தந்தை கடன்பட்டு வாங்கியதாகவோ, அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியதாகவோ, லீசிங் பணம் கட்டி முடியாததாகவோ அது இருக்கலாம். அத்தகைய வண்டியின் உரிமையாளன் ‘கொண்டு போ’ என்று கூறும்போது அவனுடைய உதடுகள் கூறுவதும் உள்ளம் கூறுவதும் ஒன்றாகவே இருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆதலின், சம்மதம் பெற்றேன் என்பது மட்டும் போதிய நியாயமாகாது. மறுக்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்துக் கேட்டலே அறத்தோடு கூடிய கேட்டலாகும். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு தூரம், எதற்காக என்பவற்றைக் கேட்பவனே முன்வந்து கூறல் வேண்டும். அவ்வாறு கூறுவது நண்பனுக்கு ஒரு வழியையும் திறந்துவிடுகின்றது. ‘மலையிற் பழக வேண்டாம், மற்றப்படி கொண்டு போ’ என அவன் கூறலாம். முழுமையாக மறுப்பதற்கும் முழுமையாக இணங்குவதற்கும் இடைப்பட்ட இவ்வகைச் சொல், நோக்கம் கூறப்பட்ட இடத்திலேயே பிறக்கமுடியும்.

விபத்து பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இரவல் வண்டியின் பழக்கம் ஓட்டுபவனுக்கு அந்நியமானது. சில வண்டிகளில் எல்லாக் கியர்களும் கீழ்நோக்கியே விழும். வேறு சிலவற்றில் முதற் கியர் கீழே, ஏனையவை மேலே. 1970களின் நடுப்பகுதிவரை வெளிவந்த பிரித்தானிய வண்டிகள் பெரும்பாலானவற்றிற் கியர் வலது காலிலும் பிறேக் இடது காலிலும் அமைந்திருந்தன. அவசர வேளையிற் காலானது பழைய பழக்கத்தையே நாடும். மேலும், வண்டி தெருவிற் செல்வது பதிவுப் புத்தகத்திலுள்ளவரின் பெயரோடுதான். இடர் நேர்ந்தால் முதலில் தேடப்படுபவர் அவரே. போர்க்காலத்திற் சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்த நம்மவர்க்கு, பிறர் பெயரிலுள்ள வண்டியில் செல்வதும், தன் பெயரிலுள்ள வண்டியைப் பிறரிடம் கொடுப்பதும் எத்தகைய அச்சத்தை உள்ளடக்கியிருந்தன என்பதை விளக்கவேண்டியதில்லை. அக்காலத்தில் வண்டியை இரவல் கொடுத்தவன் இரும்பை மட்டும் கொடுக்கவில்லை. தன் பெயரையும் கொடுத்தான்.

விவிலியத்தின் யாத்திராகமத்தில், இரவலாகப் பெற்ற விலங்கு பற்றிய விதி ஒன்று உண்டு. உடைமையாளன் உடன் இல்லாதபோது விலங்கு காயப்பட்டாலோ இறந்தாலோ இரவல் கொண்டவன் ஈடு செய்யவேண்டும். உடைமையாளன் உடன் இருந்தால் ஈடு வேண்டியதில்லை. இவ்விதியின் பொருளை விளங்கிக்கொள்ள ஒரு பிற்கால நிகழ்ச்சி துணைபுரியும். 1952 இல் ஏர்னெஸ்ட்டோ சே குவேராவும் அல்பேர்ட்டோ கிரனாடோவும் தென்னமெரிக்காவினூடே பயணம் செய்த 500 சிசி நோர்ட்டன் வண்டி கிரனாடோவுக்கு உரியது. அது வழிநெடுகப் பலமுறை விழுந்தெழும்பி, இறுதியிற் சிலி நாட்டிற் செயலிழந்தது; பயணம் வண்டியின்றித் தொடர்ந்தது. அங்கு ஈடு பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வண்டியின் அழிவும் பயணத்தின் பயனும் ஒருங்கே இருவருக்கும் உரியனவாயிருந்தன. நம் மாணவனின் நிலை இதற்கு மாறானது. தேய்வு நண்பனுக்கு, பயணம் தனக்கு. உடைமையாளன் உடன் இல்லாத இடத்தில் அவனுடைய கண்ணாகவும் இரவல் கொண்டவனே இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதி உணர்த்தும் அறமெனலாம்.

5

இனி, இவ்வாராய்ச்சிக்கு எதிராகக் கூறக்கூடிய முக்கியமான வாதத்தை நோக்குவோம். தேய்ந்த கிளச்சையும் ரயரையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் நட்பு எங்கே நிற்கும்? கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பின் இரவல் வாடகையாகிவிடாதா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. கட்டணம் பெறாமையே இரவலின் உயிர். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்விலே, கொடுத்தல், ஏற்றல், மீளக் கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகள் சமூகங்களைப் பிணைத்து நிற்பதை எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு கொடையையும் உடனுக்குடன் பணத்தால் தீர்த்துவிடின் அப்பிணைப்பே அறுந்துவிடும். திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம், அன்றாடப் புழக்கப் பொருள்களைக்கூடப் பிறர்க்குக் கொடுத்துதவ மறுப்போரைக் கண்டிக்கின்றது. அண்டை அயலாரிடையே இரவல் என்பது வெறும் வசதியன்று, சமூக வாழ்வின் அடையாளம் என்பதனையே இது காட்டுகின்றது. கணக்குக்கு அஞ்சி எவரும் கேளாதும் கொடாதும் வாழும் ஊர் ஒழுக்கமான ஊராக இருக்கலாம். நல்ல ஊராக இராது.

ஆனால் கணக்குப் பார்த்தல் வேறு, கவனித்தல் வேறு. பணத்தால் ஈடு செய்யலாகாத கொடையைக் கவனத்தால் மதிக்கலாம். 1974 இல் வெளிவந்து பெருந்தொகையான வாசகர்களைக் கவர்ந்த றொபேட் பேர்சிக்கின் ‘சென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்னும் நூல் இக்கவனம் பற்றியே பெரிதும் பேசுகின்றது. அந்நூலில் வரும் கராச் தொழிலாளர் சிலர், வானொலியைப் பாடவிட்டபடி, எஞ்சினின் கோளாற்றை அறிய முயலாமலே அதனைத் திறந்து மேலும் கெடுக்கின்றனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். அவ்வேலையில் அவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர் என்பதே ஆசிரியர் காணும் குறை. தமக்குரியதல்ல என்னும் எண்ணம் கவனத்தைக் குலைத்துவிட்டது.

இரவல் கொண்டவனுக்கும் நேரக்கூடிய வீழ்ச்சி இதுவே. தனதல்ல என்பதனால் அவனும் பார்வையாளனாகிவிடலாம். மாறாக, தனதல்ல என்பதனாலேயே அவன் கூர்ந்து கவனிக்கவும் கூடும். தன் வண்டியின் ஓசை காதுக்குப் பழகிப்போனது. அதில் ஏற்படும் சிறு மாற்றம் தெரிவதில்லை. அந்நிய வண்டியின் ஒவ்வோர் ஓசையும் புதிது. செயினின் தளர்வு, பிறேக் பிடிக்கும் இடம், கிளச் விடுபடும் அளவு ஆகியவற்றை அதனிடமிருந்தே கற்கவேண்டும். ஓயிலைப் பார்த்தல், செயினுக்கு எண்ணெயிடுதல், ரயரின் காற்றை அளத்தல் ஆகியன நண்பனுக்குச் செய்யும் உபகாரமன்று. வண்டியைப் பெற்ற கணத்திலேயே தோன்றிவிட்ட கடமைகள். திருப்பிக் கொடுக்கும்போது ‘பின் பிறேக் சற்று இறங்கியிருக்கிறது, மலையிற் பழகியபோது நேர்ந்தது’ எனத் தானே கூறுதலும் அவ்வாறானதே. பெற்றோலால் நிரம்பிய தாங்கியைவிட அச்சொல் பெறுமதி வாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத தேய்வை அது நண்பனின் அறிவுக்குக் கொண்டுவருகின்றது. அறியாது எடுக்கப்பட்டிருக்கக்கூடியதை அறிந்து கொடுத்ததாக ஆக்குவதற்கு அவனுக்கு இறுதியாக ஒரு வாய்ப்பை அளிக்கின்றது.

6

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இரவல் கொண்டவனின் பொறுப்பு மூன்று நிலைகளில் அமைவது புலனாகும். கேட்கும்போது நோக்கத்தையும் எல்லையையும் கூறுதல். வைத்திருக்கும்போது உடைமையாளனின் கண்ணாக இருத்தல். கொடுக்கும்போது நேர்ந்ததை மறையாது உரைத்தல். பொருளைத் திருப்பிக் கொடுத்தல் இவற்றுக்குப் பின்னரே வருவது. இம்மூன்றும் இல்லாத இடத்தில், சிறிதும் சேதமின்றித் திரும்பிவந்த வண்டியும் ஓரளவு பறிக்கப்பட்ட வண்டியே. இம்மூன்றும் உள்ள இடத்தில், கீறல் விழுந்து திரும்பிய வண்டிகூட நட்பைக் குறைப்பதில்லை.

நாம் பயன்படுத்துவனவற்றுட் பெரும்பகுதி இரவலே என்பதையும் பல்கலைக்கழகத்தவராகிய நாம் எண்ணிப்பார்த்தல் தகும். நூலகத்து ஏடுகளும் ஆய்வுகூடக் கருவிகளும் விடுதி அறைகளும் நமக்கு முன்னிருந்தோர் வைத்துச் சென்றவை. நமக்குப் பின் வருவோர்க்குச் சேரவேண்டியவை. இலவசக் கல்வி என நாம் அழைப்பதன் செலவைத் தாங்குவோர் யார், எதற்காகத் தாங்குகின்றனர் என்னும் வினாவும் நோக்கத்தையும் சம்மதத்தையும் பற்றியதே. நண்பனின் வண்டியில் ஒருவன் காட்டும் கவனத்தைக் கொண்டே, பொதுப்பொருளில் அவன் காட்டப்போகும் கவனத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். நெடும்பயணத்துக்கு ஆயத்தமாகும் மாணவன் கைகளுக்கும் கால்களுக்கும் பயிற்சி தேடியே வண்டியைக் கேட்டான். அவ்வண்டியை நண்பனிடம் எவ்வாறு கேட்டான், எவ்வாறு ஒப்படைத்தான் என்பனவும் அப்பயிற்சியின் பகுதிகளே.